ழான் ரோலன்: பயமுறுத்தாத ஹாரர் டைரக்டர் பத்தி பேசலாம் வாங்க

ரீல்பெட்டி:

பக்கத்து இழைல ஐரோப்பிய ஹாரர் பத்தி பேச்சு ஓடிட்டு இருந்தப்போ ஒருத்தர் "ரோலனா, அந்த பிட்டு பட டைரக்டர் தானே"ன்னு ஒரே வரில முடிச்சிட்டு போயிட்டார். அங்கயே பதில் சொன்னா அந்த இழை வேற பக்கம் போயிடும், அதான் தனியா தொடங்கறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

ழான் ரோலன் 1938ல பாரிஸை ஒட்டி இருக்கற நூய்யில பிறந்தவர், 2010 டிசம்பர்ல காலமானார். ஐம்பதுகள் கடைசில குறும்படத்துல ஆரம்பிச்சு சாகறதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் படம் எடுத்துட்டே இருந்தவர். பேர் வாங்கினது ரத்தக்காட்டேரி படங்களால. கையில காசே இருக்காது, நடிகர்கள் பாதி பேர் நடிகர்களே கிடையாது, கதை எங்க போகுதுன்னு பல நேரம் புரியாது. இதெல்லாம் உண்மை, நான் மறுக்கல.

ஆனா அவர் படத்தை பாக்க உக்கார்றவங்க முக்கால்வாசி பேர் எப்படா பயமுறுத்துவான்னு காத்துட்டு இருக்காங்க, அங்கதான் எல்லாம் கோணலாகுது. அவர் பயமுறுத்தவே மாட்டார். அவருக்கு அதுல ஆர்வமே இல்ல. அவர் படத்துல பேய் வந்தா நமக்கு பாவமா இருக்கும், ரத்தம் குடிக்கிறவ அழுவா, கொலை பண்ணினவன் உக்காந்து தேம்புவான். எல்லா படமும் ஏதோ ஒரு பிரிவுல போய்தான் முடியும், ஒண்ணு யாரோ யாரையோ விட்டுட்டு போவாங்க, இல்லன்னா விட முடியாம கூடவே போயிடுவாங்க.

லிப்ஸ் ஆஃப் பிளட் (1975) எடுத்துக்கங்க. ஃபிரெடரிக்னு ஒருத்தன் ஒரு சென்ட் கம்பெனி பார்ட்டிக்கு போறான், அங்க சுவத்துல இருக்கற போட்டோல ஒரு இடிஞ்ச கோட்டை. பாத்ததும் சின்ன வயசு ஞாபகம் ஒண்ணு எழும்புது, ராத்திரில வழி தவறி அந்த கோட்டைக்கு போனது, வெள்ளை டிரஸ் போட்ட ஒரு பொண்ணு அவனை தூங்க வெச்சு காவல் இருந்தது. அம்மாகிட்ட கேட்டா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லடாங்கறாங்க. ஊரே சேர்ந்து அவன் ஞாபகத்தை அழிக்க பாக்குது. படம் முழுக்க அவன் பேயை தேடி ஓடறான், பேய்கிட்ட இருந்து ஓடல. இந்த ஒரு திருப்பம் போதும் எனக்கு. கடைசில அவனும் அவளும் கடற்கரைல ஒரே சவப்பெட்டிக்குள்ள படுத்துக்கறாங்க, மூடியை மூடிக்கறாங்க, அலை வந்து பெட்டியை இழுத்துட்டு போகுது. அவசரமே இல்லாம காட்டுவார். எனக்கு இன்னிக்கும் நெஞ்சு அடைக்கற கடைசி காட்சி அது.

இதை பிட்டு படம்னு சொல்றவர் வந்து பேசட்டும். பிடிச்சவங்களும் பிடிக்காதவங்களும் எழுதுங்க.

———

தேன்மொழி:

அந்த ஒரு வரி எழுதினது நான் இல்ல, ஆனா அந்த பக்கம்தான் நான் நிக்கறேன், அதனால விரிவாவே சொல்றேன்.

நான் பாத்தது ரெண்டு. ஃபேசினேஷன், அப்புறம் ரெக்வியம் ஃபார் எ வாம்பயர். ரெக்வியம் ஆரம்பம் அபாரம், ரெண்டு பொண்ணுங்க கோமாளி வேஷத்துல கார்ல தப்பிச்சு போறாங்க, பின்னாடி சுடறாங்க, யாரு எதுக்குன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார், படத்துல முதல் பாதிக்கு கிட்டத்தட்ட வசனமே இல்ல. ஒரு கல்லறைல ஒரு பொண்ணு தோண்டி வெச்ச குழிக்குள்ள விழுந்துடறா, வெட்டியான் அவளை பாக்காம மேல மண்ணை தள்றான். அது வரைக்கும் நீங்க சொல்ற ரோலன் எனக்கும் தெரியறார்.

அதுக்கப்புறம் அந்த நிலவறை. பொண்ணுங்களை சங்கிலில கட்டி வெச்சு நிமிஷக்கணக்கா போகுது. அதுல என்ன பிரிவு, என்ன ஏக்கம்? அந்த காட்சியை எடுத்துட்டா கதைல ஒரு ஓட்டை கூட விழாது. டிக்கெட் விக்கறதுக்காக வெச்சதுன்னு பளிச்னு தெரியுது. ஒரு ஆள் கவிஞரா இருக்கட்டும், அதுக்காக அவர் கேமரா எங்க நிக்குதுன்னு கேக்காம இருக்க முடியாது. "அது அந்த காலம்"னு யாராவது சொல்லுவீங்க, அந்த பதில் எனக்கு வேண்டாம்.

———

குமிழ்விளக்கு:

தேன்மொழி அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அந்த காலம்னு சொல்ல மாட்டேன், ஆனா காசு எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றேன், அது தெரியாம இவரை பத்தி பேசவே முடியாது.

முதல் முழுநீளப் படம் தி ரேப் ஆஃப் தி வாம்பயர், 1968. அது முழுநீளமா திட்டமிட்டதே கிடையாது. டெட் மென் வாக்னு 1943ல வந்த ஒரு பழைய அமெரிக்க வாம்பயர் படத்தை திரும்ப ரிலீஸ் பண்ண நினைச்சாங்க, அதோட நீளம் பத்தல, கூட சேத்து ஓட்ட ஒரு அரை மணி நேர படம் வேணும்னு இவர்கிட்ட கேட்டாங்க. எடுத்து குடுத்தார். அதை பாத்துட்டு சாம் செல்ஸ்கின்னு பாரிஸ்ல இருந்த அமெரிக்க தயாரிப்பாளர் இதையே முழுப்படமா ஆக்கிடலாமேன்னுட்டார். சிக்கல் என்னன்னா முதல் அரை மணி நேரத்துலயே முக்கியமான ஆளுங்க எல்லாரும் செத்துட்டாங்க. அதனால ரெண்டாம் பாகத்துல வாம்பயர் ராணின்னு ஒருத்தியை கடல்லேந்து கொண்டு வந்து எல்லாரையும் எழுப்பி விட்டார். கதை புரியலன்னு திட்டறவங்களுக்கு இதுதான் காரணம், படம் பொறந்த விதமே அப்படி.

ரிலீஸ் ஆனது 1968 மே கடைசில. பாரிஸ் முழுக்க மாணவர் போராட்டம், நாடு தழுவுன வேலை நிறுத்தம், புது படம் எதுவும் வரல, தியேட்டர்ல இருந்தது இது. அதனால கூட்டம் குவிஞ்சுது. வந்தவங்க நல்ல வாம்பயர் படம் பாக்கலாம்னு வந்தவங்க, திரைல ஓடினது கறுப்பு வெள்ளைல ஃப்ரீ ஜாஸ் இசையோட ஒரு கனவு. கத்தினாங்க, கையில கிடைச்சதை திரை மேல எறிஞ்சாங்க. பத்திரிகைகளும் கிழிச்சு தொங்க விட்டுச்சு. இனி படமே எடுக்க வேண்டாம்னு நினைச்சிருக்கார். ஆனா அந்த கலாட்டாலயே பேர் பரவிடுச்சு, செல்ஸ்கி அடுத்த படத்துக்கும் கை குடுத்தார்.

அடுத்து அடுத்து காசு குடுத்தவங்க எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணு, வாம்பயர் இருக்கட்டும், உடம்பு தெரியணும். அந்த பேரத்துக்குள்ளதான் அவருக்கு வேணும்ங்கறதை எடுத்தார். தி அயர்ன் ரோஸ் (1973) மட்டும் பேரம் பேசாம எடுத்தது, சொந்த காசையும் போட்டார். படுதோல்வி. கடன். அதுக்கப்புறம் மிஷேல் ஜான்டீங்கற பேர்ல நேரடி செக்ஸ் படங்கள் எடுக்க ஆரம்பிச்சார், வயித்துப்பாட்டுக்கு. 1975 டிசம்பர் கடைசில ஃபிரான்ஸ்ல எக்ஸ் சட்டம் வந்துச்சு, அந்த வகை படங்களுக்கு தனி வரி, தனி தியேட்டர். நடுவாந்தரமா கொஞ்சம் கலை கொஞ்சம் கவர்ச்சின்னு எடுத்துட்டு இருந்தவங்க எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க. லிப்ஸ் ஆஃப் பிளட் சரியா ஓடாம போனப்போ அந்த காட்சிகளையே வெச்சு நடுவுல ஹார்ட்கோர் சேத்து வேற பேர்ல திரும்ப வெளியிட்டாங்க. மேல ரீல்பெட்டி நெஞ்சு அடைக்குதுன்னு எழுதின அதே படம்தான். நினைச்சு பாருங்க அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்.

———

அமுதன்88:

எனக்கு ஹாரர் பிடிக்கும் ஆனா இவர் படம் ஒண்ணு கூட பாத்ததில்ல. எதுல ஆரம்பிக்கலாம்? ஒரே ஒரு படம் சொல்லுங்க, லிஸ்ட் வேண்டாம் ப்ளீஸ்.

———

ரீல்பெட்டி:

அமுதன், அப்படின்னா தி அயர்ன் ரோஸ். அதுல வாம்பயர் கிடையாது, நிலவறை கிடையாது, தேன்மொழி சொன்ன பிரச்சனையும் அனேகமா கிடையாது. ஒரு பையன், ஒரு பொண்ணு, ஒரு கல்லறை. அவ்வளவுதான் படம்.

ஒரு கல்யாண விருந்துல சந்திக்கறாங்க, அடுத்து ரயில்வே யார்டுல பழைய இன்ஜின்களுக்கு நடுவுல ஓடி பிடிச்சு விளையாடறாங்க, சைக்கிள்ல ஊர் சுத்தறாங்க, அப்படியே ஒரு பெரிய பழைய கல்லறைத் தோட்டத்துக்குள்ள போறாங்க. நிஜமான இடம் அது, வட ஃபிரான்ஸ்ல அமியான் நகரத்துல இருக்கற மாட்லேன் கல்லறை. ஒரு சமாதிக்கு கீழ இருக்கற அறைக்குள்ள இறங்கிடறாங்க. வெளிய வந்தா இருட்டிடுச்சு. கேட்டுக்கு போற வழி கிடைக்கல. அவ்வளவு நேரம் தைரியமா பேசிட்டு இருந்த பையன் கொஞ்சம் கொஞ்சமா உடையறான், கத்தறான், சிலுவையை உதைக்கறான். பயந்து நடுங்கிட்டு வந்த பொண்ணு அமைதியாகிட்டே போறா. ஒரு கட்டத்துல அவளுக்கு வெளிய போகவே வேண்டாம். செத்தவங்கதான் நம்மாளுங்கன்னு ஆயிடுது. ஃபிரான்சுவாஸ் பாஸ்கல்னு அந்த நடிகை, அவங்க முகத்துல அந்த மாற்றம் எப்ப நடந்துச்சுன்னு உங்களால சரியா சுட்டிக் காட்டவே முடியாது.

நடுவுல ஒரு கோமாளி வந்து ஒரு சமாதில பூ வெச்சுட்டு போவான். யாரு, எதுக்கு, ஒண்ணும் கிடையாது. ராத்திரில அந்த ஜோடியோட கூடவே அலைஞ்ச எனக்கு அந்த கோமாளி மேல தனி பாசம், அவனும் யாரையோ புதைச்சவன்.

தேன்மொழி, ரெக்வியம் நிலவறை விஷயத்துல உங்களோட சண்டை போட மாட்டேன். எனக்கும் அந்த காட்சி உறுத்தும். ஆனா அதே படத்துல கடைசி வாம்பயர் பேசறதை கவனிச்சீங்களா? கிழவன், களைச்சு போனவன், இந்த வம்சம் என்னோட முடியட்டும்னு சொல்லி அந்த பொண்ணுங்களை போக விட்டுட்டு தானே போய் சமாதிக்குள்ள பூட்டிக்கறான். வாம்பயர் படத்துல வில்லன் தானா விலகறதை எத்தனை பேர் எடுத்திருக்காங்க? ரெண்டும் ஒரே படத்துலதான் இருக்கு, ரெண்டையும் ஒரே ஆள்தான் எடுத்தார், ஒண்ணை வெச்சு இன்னொண்ணை இல்லாம ஆக்க முடியாதுங்கறதுதான் என் கட்சி.

———

சேன்கரை:

நான் ஃபிரான்ஸ்லதான் இருக்கேன், அதனால அந்த கடற்கரை பத்தி சொல்லிடறேன், ஏன்னா ரோலன் ரசிகர்கள் எல்லாரும் கடைசில அங்கதான் வந்து நிப்பாங்க.

நார்மண்டில தியப் நகரத்துக்கு பக்கத்துல பூர்வில்னு சின்ன ஊர். மணல் கடற்கரைன்னு நினைச்சுட்டு போகாதீங்க, மேல முழுக்க கூழாங்கல்லு, நடந்தா கால் புதையும், கல்லு ஒண்ணோட ஒண்ணு உரசற சத்தம் கேட்டுட்டே இருக்கும். ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு பாறை செங்குத்தா நிக்கும், வெள்ளைன்னா அழுக்கு வெள்ளை. கடலுக்குள்ள வரிசை வரிசையா மரக்கட்டை நட்டு வெச்சிருப்பாங்க, அலை கல்லை அடிச்சிட்டு போகாம இருக்க. தண்ணி இறங்கினா அந்த கட்டைங்க பாசி பிடிச்சு கறுப்பா வெளிய தெரியும். அவர் படத்துல பாத்த அதே கட்டைங்க. 1958ல எடுத்த முதல் குறும்படம், திரிஸ்தான் கோர்பியேர் கவிதைகளை வெச்சு பண்ணினது, அதை இங்கதான் எடுத்தார், அதுலேந்து ஆயுசு முழுக்க திரும்ப திரும்ப இதே இடத்துக்கு வந்திருக்கார். கதை எங்க நடந்தாலும் சரி, மலைநாட்டு கோட்டைல நடந்தாலும் சரி, கடைசில ஒரு கதவை திறந்தா இந்த கடற்கரை இருக்கும். பூகோளம் எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்ல.

இதே ஊரை 1882ல மோனே வந்து வரைஞ்சிருக்கார். ரெண்டாம் உலகப் போர்ல, 1942 ஆகஸ்ட்ல தியப் தாக்குதல் நடந்தப்போ கனடா சிப்பாய்ங்க இறங்கின இடங்கள்ல இதுவும் ஒண்ணு, நிறைய பேர் செத்தாங்க, நினைவுக்கல்லு இருக்கு. ரோலன் படத்துல இந்த சரித்திரம் ஒரு வார்த்தை கூட வராது. ஆனா அங்க நின்னு பாக்கறப்போ அந்த இடத்துக்கே ஒரு கனம் இருக்கு, அது படத்துல எப்படியோ பதிவாகிடுச்சுன்னு எனக்கு தோணும்.

சாயங்காலம் தண்ணி இறங்கற நேரம் பாத்து போங்க. ஏத்த நேரத்துல போனா கட்டைங்க முங்கி இருக்கும், ஒண்ணும் தெரியாது.

———

தாளம்போடி:

யாரும் மியூசிக் பத்தி பேசலயே? முதல் படத்துக்கு பிரான்சுவா துஸ்க் கோஷ்டியோட ஃப்ரீ ஜாஸ். 1971ல தி ஷிவர் ஆஃப் தி வாம்பயர்ஸுக்கு அகாந்தஸ்னு இளவட்ட ராக் பேண்ட், ஃபஸ் கிட்டார் அலறிட்டே இருக்கும், திரைல பாத்தா பழைய கோட்டை, மெழுகுவத்தி, வெல்வெட் கோட்டு. அதுல ராத்திரி பன்னெண்டு அடிக்க சுவர் ஓரமா நிக்கற பெரிய கடிகாரத்தோட கதவை திறந்துட்டு ஒரு வாம்பயர் வெளிய வருவா. பெண்டுலம் ஆடற அந்த குறுகலான இடத்துக்குள்ளேந்து ஒரு முழு ஆள். அந்த ஒரு ஷாட்டுக்கு நான் எந்த விலையும் குடுப்பேன். அவருக்கும் அது அவ்வளவு பிடிச்சு போச்சு போல, பின்னால பல படத்துல கடிகாரத்தை கொண்டு வந்தார், 2007ல எடுத்த படத்துக்கு பேரே கடிகாரங்களின் இரவு.

ஃபேசினேஷனுக்கு பிலிப் தாரம் போட்டது வேற மாதிரி, கிராமஃபோன், வால்ட்ஸ், மெலிசா ஒரு சின்த். ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க.

———

ரத்தசோறு:

நான் கோர் (ரத்தம் தெறிக்கற வகை படம்) ரசிகன், நேரா சொல்றேன், எழுபதுகள் முதல் பாதி ரோலன் எனக்கு தூக்கம் வருது. எனக்கு ரோலன்னா தி கிரேப்ஸ் ஆஃப் டெத் (1978), தி லிவிங் டெட் கேர்ள் (1982). மத்ததெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க.

கிரேப்ஸ் கதை சிம்பிள், திராட்சை தோட்டத்துல அடிச்ச புது பூச்சி மருந்து ஒயின்ல இறங்கிடுது, குடிச்ச கிராமம் மொத்தமும் அழுகி போய் கொலைகாரங்களா ஆயிடறாங்க. ஃபிரான்ஸோட முதல் கோர் படம்னு இதைத்தான் சொல்லுவாங்க. தெற்கு ஃபிரான்ஸ்ல செவென்ங்கற மலைப்பக்கம் குளிர்ல எடுத்தது, பனிமூட்டமும் கல்லு வீடுகளும் எல்லாம் நிஜம், செட்டு கிடையாது. இதுல விஷயம் என்னன்னா நோய் பிடிச்சவனுக்கு தான் என்ன பண்றோம்னு தெரியும். தெரிஞ்சே பண்றான், நிறுத்த முடியல. ஒரு அப்பன் சொந்த பொண்ணை குத்திட்டு, தன்னை கொன்னுடுன்னு ஹீரோயின்கிட்ட கெஞ்சுவான். அமெரிக்க டைரக்டர் ரொமேரோ படத்து ஜாம்பிக்கு இந்த வேதனை கிடையாது.

லிவிங் டெட் கேர்ள்ல மேக்கப் எஃபெக்ட்ஸ் பண்ணினது பெனுவா லெஸ்தாங், அப்போ பள்ளிக்கூடம் முடிக்கற வயசு. அதே ஆள்தான் 2008ல வந்த மார்ட்டர்ஸ் வரைக்கும் போனவர். ஃபிரெஞ்சு கோர் மேக்கப்போட வரலாறு ரோலன் செட்லேந்து ஆரம்பிக்குதுன்னு தாராளமா சொல்லலாம்.

ஜாம்பி லேக் பத்தி யாரும் பேசாதீங்க. கெஞ்சி கேட்டுக்கறேன்.

———

குமிழ்விளக்கு:

// ஜாம்பி லேக் பத்தி யாரும் பேசாதீங்க //

பேசியாகணும், ஏன்னா அவரை திட்டறவங்க பாதி பேர் பாத்தது அது ஒண்ணுதான். அது அவர் படமே இல்ல. யூரோசினேங்கற கம்பெனிக்கு ஜெஸ் ஃப்ராங்கோன்னு இன்னொரு டைரக்டர் எடுக்க வேண்டியது, அவர் வரல, கடைசி நேரத்துல இவரை கூப்பிட்டாங்க, பணத்துக்காக போய் எடுத்து குடுத்துட்டு வேற பேர் போட்டுக்கிட்டார். ஏரிக்கு அடில எடுத்த காட்சி எல்லாம் நீச்சல் குளம், சுவர் தெரியும். அதை வெச்சு ஒரு ஆளை எடை போடறது அநியாயம்.

———

தேன்மொழி:

ரத்தசோறு எழுதினதை பாத்துட்டு தி லிவிங் டெட் கேர்ள் பாத்தேன். பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்தேன், அதனால இப்ப எழுதறது நீளமா போகும்.

சின்ன வயசுல ரெண்டு பொண்ணுங்க, கேத்ரினும் எலேனும், யார் முதல்ல செத்தாலும் மத்தவ கூடவே வரணும்னு கையை கீறி ரத்தத்தால சத்தியம் பண்ணியிருக்காங்க. கேத்ரின் செத்துட்டா. குடும்ப சமாதி அறைல யாரோ கெமிக்கல் கழிவை கொண்டு வந்து போட, நிலம் அதிர்ந்து டிரம் கொட்டி, இவ எழுந்துடறா. காலியா கிடக்கற சொந்த வீட்டுக்கு நடந்து போறா, பியானோவை தொடறா, பொம்மைகளை தொடறா, பழைய மியூசிக் பாக்ஸ் பாட்டு கேக்குது. பேச்சு வரல. எலேன் போன் பண்றா, இந்த பக்கம் எடுத்தவ ஒண்ணும் பேசாம அந்த மியூசிக் பாக்ஸை மட்டும் போன்ல கேக்க வெக்கறா. எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு.

அதுக்கப்புறம்தான் முக்கியம். எலேன் ஓடி வந்து தோழியை குளிப்பாட்டி டிரஸ் மாத்தி, அவளுக்கு ரத்தம் வேணும்னு தெரிஞ்சதும் ஆளுங்களை கூட்டிட்டு வர ஆரம்பிக்கறா. செத்தவளுக்கு மெல்ல மெல்ல நினைவு திரும்புது, பேச்சு வருது, நான் பொணம், என்னை சாக விடுன்னு கெஞ்சறா. உயிரோட இருக்கறவ விட மாட்டேங்கறா. யாரு இங்க பேய்? ரோலன் அதை வசனமா சொல்லவே இல்ல, ரெண்டு பேர் முகத்தையும் காட்டிட்டு விட்டுடறார். கடைசில அந்த சத்தியம் எப்படி நிறைவேறுதுன்னு பாக்காதவங்களுக்கு சொல்ல மாட்டேன். கேத்ரினா நடிச்ச ஃபிரான்சுவாஸ் பிளான்ஷார் கடைசில போடற அலறல் நடிப்பு மாதிரியே இல்ல.

அப்புறம் உக்காந்து யோசிச்சப்போ ஒண்ணு புரிஞ்சுது. ரெக்வியம்ல ரெண்டு பொண்ணுங்க. ஃபேசினேஷன்ல ரெண்டு பொண்ணுங்க. இங்க ரெண்டு பொண்ணுங்க. காஸ்டெல் சகோதரிங்கன்னு நடிகைங்க, மாரி-பியேரும் கேத்ரினும், அந்த இரட்டையர் எத்தனையோ படத்துல வர்றாங்க. ஆம்பளைங்க வருவாங்க, ஏதோ பண்ணுவாங்க, சாவாங்க, கதை அவங்களோடது இல்ல. அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவுல இருக்கற பாசம்தான் கதை, அது உடையுமா உடையாதாங்கறதுதான் படம். எழுபதுகள்ல வேற எந்த ஹாரர் டைரக்டர் பெண் நட்பை இவ்வளவு சீரியஸா எடுத்தார்னு கேட்டா எனக்கு பேர் வரல.

ஆனா ரெக்வியம் பத்தி நான் சொன்னதுல ஒரு வார்த்தை கூட மாத்தல. இவ்வளவு தெரிஞ்ச ஆள் அப்படி ஒரு காட்சியை எடுத்ததுதான் எனக்கு இன்னும் கோபம். தெரியாதவன் எடுத்திருந்தா கூட விட்டுடலாம்.

———

ரீல்பெட்டி:

தேன்மொழி, அந்த மியூசிக் பாக்ஸ் போன் காட்சியை நீங்க எழுதினதை படிச்சதும் திரும்ப பாக்கணும் போல இருக்கு. கோபம் இருக்கட்டும், இருக்க வேண்டிய கோபம்தான்.

ஃபேசினேஷன் பத்தி ஒண்ணு சேக்கறேன். படம் 1905ல நடக்குது. வெள்ளை டிரஸ், தொப்பி, கையுறைன்னு சீமாட்டிங்க கசாப்பு கூடத்துக்கு வந்து நிக்கறாங்க, தரையெல்லாம் ரத்தம், ரத்த சோகைக்கு மருந்துன்னு மாட்டு ரத்தத்தை கண்ணாடி டம்ளர்ல வாங்கி குடிக்கறாங்க. அந்த காலத்துல பாரிஸ்ல நிஜமாவே இப்படி குடிச்சவங்க இருந்தாங்க, ழான் லொரானோட ஒரு கதைலேந்து அந்த யோசனை வந்துச்சு. ஒருத்தி மெதுவா உதட்டை துடைக்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிறுத்துவா. மருந்து எங்க முடிஞ்சு ருசி எங்க தொடங்குச்சுன்னு அந்த ஒரு நொடில தெரிஞ்சுடும். படத்துக்கு வேற விளக்கமே வேண்டாம்.

இதே படத்துல அரிவாளோட பாலத்து மேல நிக்கற நடிகை பிரிஜித் லஹாய் படத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க, போஸ்டர்ல, டீ சர்ட்ல. அந்த அம்மா அப்போ செக்ஸ் படங்கள்ல நடிச்சிட்டு இருந்தவங்க, ரோலன் அங்க வேலை பாத்தப்போ சந்திச்சவர், இவங்களால நடிக்க முடியும்னு நம்பி கூட்டிட்டு வந்தார். கறுப்பு மேலங்கி, கீழ அகழி தண்ணி, கையில அந்த நீள பிடி போட்ட புல்லறுக்கற அரிவாள். மரணத்தை கிழவனா எலும்புக்கூடா வரைஞ்சு பழகின ஊர்ல அவர் இப்படி கொண்டு வந்து நிறுத்தினார்.

———

அச்சுக்கோர்ப்பு:

குடும்பத்தை பத்தி யாரும் சொல்லல. அம்மா தெனீஸ் ரோலன்-லு-ஜான்டீ, ரெண்டாம் உலகப் போர் காலத்துல எழுத்தாளர் ஜார்ஜ் பத்தாயோட வாழ்ந்தவங்க, பின்னால இன்னொரு எழுத்தாளர் மோரிஸ் பிளான்ஷோவோட நெருக்கம். அப்பா நாடக ஆள். சின்ன பையனுக்கு ராத்திரி தூங்க பத்தாய் கதை சொல்லுவாராம், ஓநாயா இருக்கற ஒரு பாதிரியார் பத்தி. அப்படி வளர்ந்த பையன் அஞ்சு வயசுல தியேட்டருக்கு போய் அபெல் கான்ஸ் படம் பாத்து, சினிமாதான்னு முடிவு பண்ணிட்டார். பள்ளிக்கூட நாள்ல தியேட்டர்ல வாராவாரம் ஓடின சீரியல் படங்கள், ஃபுய்யாட் எடுத்த மௌனப்படங்கள், கஸ்தோன் லெரூ நாவல்கள், இதெல்லாம்தான் பாடம். ரகசிய கதவு, முகமூடி, காரணமில்லாத துரத்தல் எல்லாம் அங்கேந்து வந்ததுதான்.

ஓவியத்துல க்ளோவிஸ் த்ரூய், பால் தெல்வோ. தெல்வோ படத்துல பெண்கள் ராத்திரில ரயில் நிலையம் பக்கம் தூக்கத்துல நடக்கற மாதிரி நடப்பாங்க பாருங்க, அயர்ன் ரோஸ் ரயில்வே யார்டு காட்சியை அதுக்கு பக்கத்துல வெச்சு பாருங்க. 1967ல எரிக் லோஸ்ஃபெல்ட்ங்கற பதிப்பாளர் போட்ட சாகா த ஸாம்னு ஒரு காமிக்ஸ், நிக்கோலா தெவீல் வரைஞ்சது, அதுக்கு கதை ரோலன். முதல் படத்துக்கு போஸ்டர் வரைஞ்சது பிலிப் திரூய்யேங்கற காமிக்ஸ் ஓவியர் (மேல சொன்ன த்ரூய் வேற ஆள்). அவரை மட்டமான சினிமாக்காரர்னு ஒதுக்கறவங்க அவர் எந்த கூட்டத்துல வளர்ந்தார்னு பாக்கணும்.

———

ரத்தசோறு:

வளர்ந்த கூட்டம் பெருசா இருந்தா படம் பெருசாகிடுமா ஜி? எனக்கு அந்த வாதம் ஒத்து வரல. படம் தனியா நிக்கணும். நின்ன படங்கள் சிலது இருக்கு, அதுக்கு பத்தாய் தயவு தேவையில்ல.

———

அச்சுக்கோர்ப்பு:

படத்துக்கு சான்றிதழ் வாங்கறதுக்காக சொல்லல. பயம் அவருக்கு முக்கியமில்லன்னு ரீல்பெட்டி சொன்னாரே, அதுக்கு காரணம் அங்க இருக்கு. ராத்திரி கதையா ஓநாயை கேட்டு தூங்கின குழந்தைக்கு ஓநாய் எதிரி இல்ல, பழகின ஆள்.

———

ரீல்பெட்டி:

கடைசி காலத்து படங்களை பத்தி யாரும் எழுதல, நானே எழுதறேன். டூ ஆர்ஃபன் வாம்பயர்ஸ் (1997) எடுக்கறப்போ உடம்பு ரொம்ப கெட்டு டயாலிசிஸ்ல இருந்தார். அவரே எழுதின நாவல்தான் கதை. அநாதை ஆசிரமத்துல ரெண்டு பொண்ணுங்க, பகல்ல கண்ணு தெரியாது, ராத்திரி ஆனா பார்வை வரும், எல்லாம் நீலமா தெரியும். கன்னியாஸ்திரிகளுக்கு பாவப்பட்ட குழந்தைங்க, ராத்திரில கல்லறைல சுத்தற வாம்பயருங்க. படம் தொய்வா இருக்கு, வீடியோ மாதிரி தெரியுது, வசனம் நிறைய. இதெல்லாம் தெரிஞ்சும் எனக்கு பிடிக்கும், ஏன்னா அந்த ரெண்டு பேரும் ராத்திரி ஆக ஆக சந்தோஷமாறதை அந்த உடம்போட ஒருத்தர் எடுத்திருக்கார்.

தி நைட் ஆஃப் தி ஹன்டட் (1980) பத்தியும் சொல்லணும். கோட்டை கிடையாது, கல்லறை கிடையாது, நவீன உயரக் கட்டடங்கள், கண்ணாடி, வெள்ளை சுவர். கதிர்வீச்சு கசிஞ்சு ஞாபகம் அழிஞ்சுட்டே வர்றவங்களை ஒரு கட்டடத்துல அடைச்சு வெச்சிருக்காங்க. ஒருத்திக்கு தன் குழந்தை பேர் மறந்து போகுது, பக்கத்துல இருக்கறவ ஒரு பேர் சொல்லி நாம சேர்ந்து விளையாடினோமேன்னு இல்லாத ஞாபகத்தை உண்டாக்கி ஆறுதல் சொல்றா. லஹாய் அதுல அவ்வளவு நல்லா நடிச்சிருக்காங்க. கடைசில லஹாய் நடிச்ச பொண்ணும் கூட இருக்கறவனும் ரயில் பாலத்து மேல கை கோத்துட்டு நடக்கறாங்க, அவளுக்கு யாருன்னு தெரியல, அவனுக்கு தலைல குண்டடி, ரெண்டு பேருக்கும் எதுவும் ஞாபகம் இல்ல, கை மட்டும் விடல.

———

அமுதன்88:

அயர்ன் ரோஸ் பாத்துட்டேன். பயமே இல்ல, நீங்க சொன்ன மாதிரியே. முதல் பாதி எனக்கு பிடிக்கல, அந்த பையன் பேசறதெல்லாம் ஏதோ கவிதை ஒப்பிக்கற மாதிரி இருந்துச்சு, இப்பவும் அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா பொண்ணு ராத்திரில கல்லறைகளுக்கு நடுவுல தனியா டான்ஸ் ஆடற மாதிரி சுத்தி சுத்தி வர்றாளே, அங்கேந்து கண்ணை எடுக்க முடியல. விடியறப்போ கேட் திறக்க வர்ற கிழவி அந்த சமாதி மேல பூவை வெச்சுட்டு போறாங்க, அவங்களுக்கு உள்ள யாருன்னு தெரியுமா தெரியாதா?

———

ரீல்பெட்டி:

தெரியும்னுதான் நான் நினைக்கறேன். அந்த கிழவி நத்தலி பெரே, ரோலனோட பல வருஷம் எடிட்டிங், ஸ்கிரிப்ட், துணிமணி, நடிப்புன்னு எல்லாம் பாத்தவங்க. வேற யாரையாவது அந்த இடத்துல நிறுத்தியிருந்தா சந்தேகம் வந்திருக்கும். நடையை பாருங்க, தயக்கமே இல்லாம நேரா அந்த சமாதிக்கு வருவாங்க.

அடுத்து லிப்ஸ் ஆஃப் பிளட் பாருங்க அமுதன், ஃபிரெஞ்சு குரல் இருக்கற பிரிண்ட், ஆங்கில டப்பிங் வேண்டாம். குமிழ்விளக்கு சொன்ன அந்த வெட்டி ஒட்டின வெர்ஷன் கையில மாட்டிடாம பாத்துக்கங்க, கடைசில சவப்பெட்டி கடலுக்கு போனா நீங்க பாத்தது சரியான படம்.

———

சேன்கரை:

அப்படியே பாரிஸ்ல பேர் லாஷேஸ்ங்கற கல்லறைத் தோட்டம் பக்கம் வந்தா சொல்லுங்க அமுதன், அவரை அங்கதான் அடக்கம் பண்ணியிருக்காங்க. அவரே கடைசி படத்துல கேமரா வெச்ச கல்லறை அது.